பத்தாவது ஆள்

காலை ஏழரைக்கு இருநூறு ஊசி வந்தது.
ஐஸ் பெட்டியை இறக்கிய பிரிட்டோ
"சாயங்காலத்துக்குள்ள முடிச்சா
நாளைக்கு முந்நூறாம் அக்கா" என்றான்.
மிச்சம் வைக்கிற ஊருக்கு
மறுநாள் குறையும். அதுதான் கணக்கு.

செக்கானூரணி பஸ் நிறுத்தத்துப் பள்ளிக்கூடம்
எட்டு மணிக்கே நிரம்பிவிட்டது.
போன் உள்ளவர்கள், பைக் உள்ளவர்கள்,
செய்தி பார்த்தவர்கள்,
செய்தி பார்த்தவரின் மச்சினன்மார்கள்.
இடது கை, இடது கை, இடது கை,
பீச்சாங்கைக்காரி நான், வலதில் போடுங்க
என்ற ஒருத்தி,
மறுபடி இடது கை.
அவர்களும் மனிதர்கள்தானே,
விரைவாகப் போட்டதில் யாருக்கு என்ன அநீதி?
இதை எனக்கே இரண்டு முறை
சொல்லிக்கொண்டேன்.

பதினொன்றரைக்கு ஒரு கார்.
மில் வீட்டு சௌந்தரபாண்டி, வயது முப்பத்தெட்டு.
கையில் துண்டுச் சீட்டு,
சீட்டில் ஒரு கையெழுத்து,
கையெழுத்துக்குக் கீழே ஒரு பதவி.
"நாற்பத்தைந்து ஆகட்டும் தம்பி, கூப்பிடுறேன்."
போன் நம்பரைச் சீட்டில் எழுதி
மேசையில் வைத்துவிட்டுப் போனான்.
வரிசையில் யாரோ கைதட்டினார்கள்.
பொய் சொல்வானேன், இனித்தது.

மூன்று மணிக்கு நூற்றுத் தொண்ணூறு.
திறக்காத குப்பி ஒன்று, பத்துப் பேருக்கு.
வாசலில் இன்னும் நாற்பது பேர்.
அப்போதுதான் நோட்டைப் புரட்டினேன்.
கண்மாய்க்கு அந்தப் பக்கம் செங்கல் சூளை.
காலையிலிருந்து அங்கிருந்து
ஒரு கைகூட வரவில்லை.
வந்தால் ஒருநாள் கூலி போகும்.

குப்பியைச் சின்னப் பெட்டிக்கு மாற்றியதும்
வரிசையில் முதலில் நின்றவர் கேட்டார்:
"அப்ப விடியக்காலம் வந்தவன் கேணப்பயலா?"
அவருக்கு இன்றுவரை
என்னிடம் பதில் இல்லை.

சூளையில் மண் மிதித்துக்கொண்டிருந்தார்கள்.
காலைக் கழுவிவிட்டு வந்தார்கள்.
மூன்று பேருக்கு வயது தெரியவில்லை,
நரையைப் பார்த்து எழுதினேன்.
எண்ணினால் ஒன்பது.
லோடு ஏறித் திருமங்கலம் போனவன்
ராத்திரிதான் திரும்புவானாம்.

பத்து இல்லாமல் திறக்கக் கூடாது.
திறந்தால் நாலு மணி நேரம்.
ஒரு சொட்டு வீணானாலும் விளக்கக் கடிதம்.
இதையெல்லாம் விளக்கினேன்.
சட்டையைச் சுருட்டி நின்ற விருமாயி
இறக்கிவிடவில்லை.
"பத்தாவது ஆள் வந்தாத்தான்
நாங்க ஒம்பது பேரும் ஆளா?"

பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டேன்.
பிரிட்டோ பூட்டிவிட்டான்,
நாற்பது பேரும் திட்டிக்கொண்டே கலைந்துவிட்டார்கள்.
கைப்பையில் பேனா தேடியபோது
சீட்டு கையில் தட்டியது.

பதினோரு நிமிடத்தில் வந்தான்.
கார் கிளப்பிய புழுதி
பச்சைக் கல் அடுக்குமேல் படிந்து முடிவதற்குள்
முன்னால் வந்து கையை நீட்டினான்.
"கடைசிக்குப் போப்பா" என்றாள் விருமாயி.
போனான்.
சகதிக் கால்களுக்குப் பின்னால்
செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான்,
ஏன் கழற்றினான் என்று தெரியவில்லை.

குப்பியைத் திறந்தேன்.
ஒன்பது கை. பிறகு அவன் கை.
முப்பத்தெட்டை போன் ஏற்கவில்லை.
நாற்பத்தைந்து என்று அடித்தேன்.
நரையைப் பார்த்து எழுதிய விரல்
நரையில்லாமலும் எழுதியது.

ஐந்து நாற்பதுக்கு மேலிடத்துச் செய்தி:
நூறு சதவீதம், வாழ்த்துகள்,
கைகூப்பும் படம் இரண்டு.

மறுநாள் முந்நூறு வந்தது.
வரிசையில் முதல் ஆளாக
நேற்றைய அதே மனிதர்.
சட்டையைச் சுருட்டினார்,
கையைக் கொடுத்தார்,
முகத்தை மட்டும் அந்தப் பக்கம்
திருப்பிக்கொண்டார்.
ஊசிக்குப் பயந்துதான் என்று
வைத்துக்கொள்ளலாம்.